தங்கை வீட்டில் போன உயிர்

நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் இடத்தில் ஆம்புலன்ஸை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு அவன் இறங்கினான். பெட்ரோல் பங்க் சுவரோரம் தங்கை கைப்பையோடு நின்றிருந்தாள். அவன் பின்கதவைத் திறந்தான். வெள்ளைத் துணி போர்த்தி அம்மா கிடந்தாள். தங்கை அப்படியே வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏறும்மா. உள்ள உக்காந்து அழு. யாராவது பாத்துடப் போறாங்க."

அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள்.

பின்னால் அம்மாவின் தோழிகள் இருவரின் சிவப்பு கார் வந்து நின்றது. கண்ணாடி முழுக்கப் புழுதி. கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகளில் ஒன்று அம்மாவுடையது. அவன் ஓட்டுநர் பக்கம் போய்க் குனிந்தான்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் கழிச்சு தனியா வாங்க. அம்மா உங்ககூட வந்தது அங்க யாருக்கும் தெரியாது."

"பின்ன எங்க இருந்தான்னு சொல்லி வச்சிருக்கே?"

"தங்கச்சி வீட்டுல."

"அப்ப உயிர் போனதும் அங்கதானா?"

அவன் சாலையைப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் வாயைத் திறந்தாள். பின்னால் இருந்தவள் கையை நீட்டி அவள் தோளைத் தொட்டதும் மூடிக்கொண்டாள். "சரி தம்பி. நீ போ," என்றாள்.

அம்மாவும் இந்த இருவரும் ஒரே தொலைபேசி நிலையத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவர்கள். கார் ஓட்டுபவளுக்கு அம்மா வைத்த பெயர் சூறாவளி. மற்றவளுக்கு வைத்த பெயர் அமைதி. அமைதியின் கணவர் இறந்ததிலிருந்து அவளால் அந்த வீட்டில் கண்ணை மூட முடியவில்லை. நாலு ஊர் சுற்றினால் கொஞ்சம் மூச்சு வரும் என்று சூறாவளிதான் காரை எடுத்தாள். அம்மா உடனே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"மூணு கிழவிங்க காரை எடுத்துக்கிட்டு ஊர் சுத்தினா பாக்கிறவன் சிரிக்க மாட்டானா?" என்று கேட்டான் அவன்.

"சிரிக்கட்டும்டா. சும்மாதானே இருக்கான்," என்றாள் அம்மா.

அவன் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேர் அவன் முன்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். ஊசி ஏறும்போது பயத்தை மறக்க ஏதாவது பேசுவார்கள். "அம்மாவைக் காணோமே?" என்று முதல் ஆள் கேட்டபோதே, "தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க," என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் எல்லோருக்கும் அதையே சொன்னான்.

நேற்று மத்தியானம் முன்பின் தெரியாத ஊரின் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது இருவரும் பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சூறாவளி எழுந்து, "தம்பி, அவ கடைசியா என்ன சொன்னா தெரியுமா..." என்று ஆரம்பித்தாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு ஆன்ட்டி? கையெழுத்து எங்க போடணும்?" என்று அவன் நகர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு தங்கைக்குப் போன் செய்தான். அம்மா போய்விட்டாள் என்று சொன்ன அதே மூச்சில், எங்கே வந்து நிற்க வேண்டும் என்றும் சொன்னான்.

வீட்டில் நாற்காலிகள் தெருவரை போட்டிருந்தார்கள். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியதும் பெண்கள் தங்கையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பெத்த பொண்ணு வீட்டுல, பொண்ணு கையால தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கா. யாருக்குக் கிடைக்கும்?"

"ராத்திரி நல்லா சாப்பிட்டாங்களாம்மா?"

"உன்னைக் கூப்பிட்டாங்களா?"

தங்கை ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். வாசலில் ஆண்கள் அவன் கையைப் பிடித்தார்கள். "கடைசி வரைக்கும் கைக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டீங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். அவன் அந்தக் கையை உதறவில்லை. "நம்ம கடமைதானே," என்று சொல்வது அவன் காதிலேயே விழுந்தது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். தங்கை பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"எந்தப் புடவை கட்டியிருந்தாங்கன்னு கேக்கறாங்கண்ணா. நான் என்ன சொல்லட்டும்?"

"ஏதாவது ஒண்ணு சொல்லேன்."

"அம்மா என் வீட்டுக்கு வந்து வருஷம் ஆகப்போகுது. வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன். வர்றேன்டின்னாங்க. இப்ப எல்லாரும் நீ கொடுத்து வச்சவன்னு சொல்றாங்க. ஒவ்வொரு தடவை சொல்றப்பவும்..." அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "எனக்கு அழக்கூட வரல. பொய் சொல்லவே நேரம் சரியா இருக்கு."

அவன் டம்ளரைக் கழுவினான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கூடத்துக்குத் திரும்பியபோது சூறாவளியும் அமைதியும் வந்திருந்தார்கள். செருப்புகள் கிடந்த இடத்தை ஒட்டி, தூரத்து உறவைப் போல நின்றார்கள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

எடுக்கும் நேரம் நெருங்கியது. பெரியப்பா நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். அவருக்குக் காது மந்தம். அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"ஏம்மா, நீதானே பக்கத்துல இருந்தே? எப்படிப் போனா என் தம்பி பொண்டாட்டி? வலி கிலி ஏதும் இருந்துச்சா? சொல்லும்மா, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

எல்லா முகமும் தங்கையின் பக்கம் திரும்பியது. அவள் அண்ணனைத் தேடினாள். சொல்ல வேண்டியது அவன்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். அவன் தரையில் உதிர்ந்து கிடந்த பூவைப் பார்த்தான்.

"நான் சொல்றேன்," என்று செருப்புகளின் பக்கமிருந்து குரல் வந்தது.

சூறாவளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நாங்க அவகூட வேலை பாத்தவங்க. நேத்து அவளைப் பாக்கப் போயிருந்தோம். பொண்ணு வீட்டுக்கு." அந்தச் சொற்களை அவள் கல்லை நகர்த்துவதுபோல நகர்த்தினாள். பிறகு குரல் இலகுவானது. "ஜன்னலோரமா உக்காந்திருந்தா. நல்ல காத்து. முடியெல்லாம் பறக்குது, ஒதுக்கக்கூட இல்ல. நான் பாடிட்டிருந்தேன். 'நிறுத்துடி, கழுதை, ரோட்டைப் பா...'" அவள் ஒரு கணம் திணறினாள். "'ரோட்டுல போற மாடெல்லாம் திரும்பிப் பாக்குது'ன்னா. சிரிச்சா. அவ சிரிச்சா உங்களுக்கே தெரியும், அடங்க நேரமாகும். அப்புறம் கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்னு இவ தோள்ல சாஞ்சா."

எல்லோரும் அமைதியைப் பார்த்தார்கள். அவள் வாசற்படியிலேயே நின்றாள். அவள் குரலை அந்த வீட்டில் பலர் அப்போதுதான் கேட்டார்கள்.

"தூங்கறான்னு நெனச்சேன். அசைஞ்சா முழிச்சுக்குவான்னு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். தோள் மரத்துப்போச்சு. அப்பவும் அசையல."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சூறாவளி தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இந்தக் கையைத்தான் பிடிச்சிருந்தா," என்றாள் பெரியப்பாவிடம், சத்தமாக.

"மகராசி. கொடுத்து வச்சவ," என்றார் பெரியப்பா. தங்கை அப்போதுதான் உடைந்து அழுதாள். அந்த அழுகை சுவரில் மோதித் திரும்பியது. பெண்கள் அவளை அணைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவன் அந்தத் தட்டலுக்குக் கீழே, சட்டையில்லாமல் நிற்பவன்போல நின்றான்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. நாற்காலிக்காரர் அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை கொல்லைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் துண்டை நீட்டினான்.

"அந்த ஆன்ட்டி சொன்னது..."

"அவங்ககிட்ட கேட்டேன்," என்றாள், துடைத்தபடியே. "என் வீடுன்னதும், என் கையைப் பிடிச்சதா சொன்னதும் மட்டும்தான் பொய்யாம். மத்ததெல்லாம் நடந்ததுதானாம். நேத்தே உன்கிட்ட சொல்ல வந்தாங்களாமே." துண்டை மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நான் ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."

அவன் தெருவுக்கு வந்தான். முனையில் சூறாவளி காரின் மேலிருந்து அம்மாவின் பெட்டியை இறக்கிக் கயிற்றை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் பெட்டியை வாங்கிக்கொண்டான். கனமாக இருந்தது.

"ஆன்ட்டி," என்றான்.

"ஈரத்துணி இருக்கு தம்பி. உடனே எடுத்து உலர்த்து," என்றாள் அவள், கயிற்றைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

வண்டி கிளம்பத் தயாரானது. "முன்னாடி வந்து உக்காரேன்டி, இனிமே எதுக்குப் பின்னால?" என்றாள் சூறாவளி. அமைதி முன்கதவின் பிடியைத் தொட்டாள். பிறகு பின்கதவைத் திறந்து ஏறி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, இருக்கையின் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். அம்மா உட்கார்ந்து வந்த ஜன்னல் பக்கம் முழுதும் காலியாக இருந்தது.