நிஜ மீசை

ஹனிலினின் வாய் ஏழு எண்ணும்வரை சும்மா இருந்துவிட்டால் போதும், அந்த வேலை அவளுக்குத்தான். ஆனால் அந்த வாய்க்கு மூன்றைத் தாண்டி எண்ணத் தெரியாது.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் ஒரு சின்னச் சந்தை ஆய்வு நிறுவனம். சோப்போ சூப்போ, கம்பெனிக்காரர்கள் புதிதாக எதைச் செய்தாலும், அதை வாங்கப்போகும் ஜனங்களை வீடியோ அழைப்பில் உட்காரவைத்து, மனதில் இருப்பதைப் பேசவைப்பது அவர்கள் தொழில். பேசவைக்கிறவருக்கு மாடரேட்டர் என்று பேர். ஹனிலின் ஆறு வருஷமாக அந்தப் பேச்சையெல்லாம் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஊரே பேச, இவள் மட்டும் ஊமையாக உட்கார்ந்து உட்கார்ந்து, மாடரேட்டர் பயிற்சியில் சேர்ந்த அன்றைக்கு அணை உடைந்துவிட்டது.

“கேள்வியைக் கேளு. அப்புறம் மனசுக்குள்ள ஏழு எண்ணு” என்பாள் பயிற்சி கொடுக்கும் அலோனா. “நம்ம ஊர்க்காரங்க முதல்ல சொல்றது மரியாதைக்காகடி. நீ பேசாம இருந்தா அடுத்து வரும் பாரு, அதுதான் நிஜம்.”

ஹனிலினும் கேட்பாள். “இந்த சோப்பு எப்படி இருக்குங்க?” ஒன்று, இரண்டு, மூன்று. “நுரை நல்லா வருதுல்ல? எங்க சித்தி கூட அதைத்தான் சொன்னாங்க!”

அலோனா தலையில் கை வைத்துக்கொள்வாள். இப்படியே இரண்டு தடவை தேர்வில் தோற்றாயிற்று. இது மூன்றாவது, கடைசி. “இந்தத் தடவையும் கோட்டை விட்டா, மறுபடி ஹெட்போன்தான் உனக்கு” என்று அலோனா சொல்லியிருந்தாள்.

தேர்வு இரண்டு பாகம். முதலில் ஒத்திகை. அதில் அலுவலகத்து டோடோய் வேஷம் கட்டிக்கொண்டு வந்து, பதில் சொல்லும் ஆளாக நடிப்பான். அவனுக்கு அதில் அப்படி ஒரு குஷி. ஒட்டுமீசை வைப்பான், பின்னால் சேவல் கூவும் சத்தத்தைப் போனில் ஓடவிடுவான், நடுவில் தூங்கிப்போகிற மாதிரி குறட்டைகூட விடுவான். அதில் தேறினால் அதே இணைப்பில் நிஜ ஆள் வருவார். கம்பெனிக்காரர்கள் முகம் காட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு மூன்று மணிக்கு ஒத்திகை. பயிற்சியின் முதல் விதிப்படி, இரண்டே முக்காலுக்கே ஹனிலின் கைப்பேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். இரண்டு ஐம்பதுக்கு அலோனாவிடமிருந்து செய்தி வந்தது: “டோடோய் வீட்டுல கரண்ட் இல்ல. ஒத்திகை கிடையாது, நேரா நிஜம்தான். கம்பெனிக்காரங்க வந்தாச்சு. ஏழு எண்ணு!” பெட்டி அதைப் படித்து என்ன செய்யும்?

திரை திறந்தது. கனத்த மீசை வைத்த ஒரு பெரியவர். பின்னால் வேலியில் ஒரு சேவல்.

ஹனிலினுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ‘இந்தத் தடவை மேக்கப் பிரமாதம்’ என்று நினைத்துக்கொண்டாள். பயம் சுத்தமாகப் போயிற்று.

“என் பேரு தியோதிமோ. இதே ஊர்ல ஹாரோ பக்கம் இருக்கேன், முன்னாடி ஜீப்னி வண்டியில ஆள் ஏத்தி ஓட்டினேன்” என்றார் அவர்.

“அப்படியா! சேவலுக்கு என்ன பேருங்க?”

“கவர்னர்.”

ஹனிலின் மேசைக்கடியில் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். “நாங்க அனுப்பின பாக்கெட் பாச்சோய் எப்படி இருந்துச்சு?”

ஈரலும் எலும்பு மஜ்ஜையும் மிதக்கிற பாச்சோய் நூடுல்ஸ் சூப்புக்குப் பிறந்த ஊரே இலோய்லோதான். அந்த ஊர்க்காரரிடம் பாக்கெட் பாச்சோயைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறாள்.

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. மணம் அபாரம். தயாரிச்சவங்க நல்லா இருக்கணும்.”

“பொய் சொல்லாதீங்க டோடோய் அண்ணே!” ஹனிலின் விழுந்து விழுந்து சிரித்தாள். “அந்த மீசை ஒரு பக்கம் கழண்டு தொங்குது. பிச்சு எடுங்க, போதும்!”

“மீசையையா?”

“ஆமா, இழுங்க. இழுங்கன்னா!”

தியோதிமோ மரியாதை தெரிந்த மனுஷர். பெண்பிள்ளை கேட்கிறாளே என்று இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். மீசை வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் கரண்டியோடு திரைக்குள் தலையை நீட்டினாள். “யாருடி அவ, எம்புருஷன் மீசையைப் பிடுங்கச் சொல்றவ? முப்பத்தொரு வருஷமா நானே சும்மா விட்டு வச்சிருக்கேன்!”

அப்போதுதான் ஹனிலின் திரையின் ஓரத்தில் அலோனாவின் எழுத்தைப் பார்த்தாள்: “ஹனி! அவர் நிஜம்! எல்லாரும் பாக்கறாங்க!”

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்கக்கூட அசையவில்லை. காது மடல் இரண்டும் கொதித்தன. ஒரு நொடி, ஐந்து நொடி, எட்டு நொடி. கவர்னர் ஒருமுறை கூவி முடித்தது. பத்து. பதினொன்று.

தியோதிமோ மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“சரிம்மா, மீசை நிஜம்னு காட்டியாச்சு. நீயும் இப்படிப் பாத்துக்கிட்டே இருக்கே. பாச்சோய் விஷயத்துல நான் சொன்னது பொய்தான். கவர்னருக்கு ஊத்தினேன். ஒரு தடவை பாத்துட்டு நடந்து போயிட்டான்.”

“எனக்கும் அதுல பங்கு குடுக்கல, அதையும் சொல்லு” என்றாள் மனைவி.

“ருசி மோசமில்லம்மா. ஆனா கடையில சாப்பிட்டா என்ன செய்வோம்? பாதி நூடுல்ஸ் இருக்கறப்பவே கிண்ணத்தை நீட்டி, ‘இன்னும் கொஞ்சம் சூப்பு’ன்னு கேப்போம். சும்மாவே ஊத்துவான். அந்த ரெண்டாவது சூப்புலதானே ஊர்ப் பேச்சே ஆரம்பிக்கும்? பாக்கெட்டுல முதல் சூப்பு குடிச்சா முடிஞ்சுபோச்சு. யாருகிட்ட கிண்ணத்தை நீட்டறது?”

ஹனிலின் இப்போதும் பேசவில்லை. பேசத் தோன்றவே இல்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார், மனைவி திருத்திக்கொண்டே போனாள்.

எல்லாம் முடியப் போகிற நேரத்தில் திரையில் மூன்றாவதாக ஒரு முகம் குதித்தது. கோணல் மீசை. “கொக்கரக்கோ! கரண்ட் வந்துடுச்சு! நான் ஒரு கிழட்டு மீனவன், எதைக் கேட்டாலும் ‘நல்லா இருக்கு’தான்!” என்றான் டோடோய்.

தியோதிமோ அவனை உற்றுப் பார்த்தார். “தம்பி, உன் மீசையை இழு.”

அரை மணி கழித்து ஹனிலின் கைப்பேசியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அழுத்தி உயிர்ப்பித்தாள். உடனே மணி அடித்தது.

“ஒன்பது தப்பு பண்ணியிருக்கே” என்றாள் அலோனா. “ஆளைப் பொய்யன்னு சொன்னே. முடியைப் பிடுங்க வச்சே. நான் ட்ரெய்னிங் குடுத்த இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கூத்தைப் பாத்ததில்ல.”

“தெரியுங்கக்கா. ஹெட்போன் எங்க இருக்குன்னு தேடிட்டிருக்கேன்.”

“கம்பெனிக்காரங்க ரெண்டாவது சூப்புக்குத் தனியா ஒரு பொட்டலம் சேக்கலாமான்னு இப்பவே கத்திக்கிட்டிருக்காங்க. நாளைக்கு ரெண்டு பேரை நீதான் பேட்டி எடுக்கணுமாம். பதினொண்ணு வரைக்கும் எப்படிடி எண்ணினே?”

ஹனிலின் பதில் சொல்லவில்லை.

“ஹனி? இருக்கியா? சரி, ஒத்துக்கறேன்” என்றாள் அலோனா தானாகவே. “நானும் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சு சிரிச்சு நாற்காலியிலருந்து விழுந்துட்டேன்.”