லாம்பர்ட் கேட்ட போர்வை

என் தம்பி லாம்பர்ட் ஐம்பத்தாறு வருஷ வாழ்க்கையில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் மார்ச் மாதத்தில், பசுக்கள் கன்று போடும் மும்முரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். எழுபது பசுக்களை வைத்திருப்பவனுக்கு அந்த மாதத்தில் முகம் கழுவக்கூட நேரம் இருக்காது.

"யாருடா செத்தது?"

"யாரும் சாகல. எனக்கு ஒரு போர்வை தைச்சுத் தரணும், அக்கா."

உள்ளே வரச் சொன்னேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு மேஜை ஓரமாக உட்கார்ந்தான். கசகசா வைத்த கொலாச் ரொட்டியைத் தட்டோடு அவன் பக்கம் தள்ளினேன். தொடவில்லை.

"பெரிய கட்டில் அளவு வேணும்," என்றான்.

லாம்பர்ட் படுப்பது எங்கள் அப்பா காலத்து இரும்புக் கட்டிலில். அவன் கால் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"பெரிய கட்டிலா? உனக்கா?"

"வாங்கியிருக்கேன்."

"எதுக்கு?"

"படுக்க."

கழுத்தில் தொடங்கிய சிவப்பு காது நுனி வரைக்கும் ஏறியது. எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"லாம்பர்ட்! யாருடா அவ?"

"அதெல்லாம் அப்புறம். ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழமைக்குள்ள வேணும். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. உன் தோழி பெர்னிஸ்கிட்ட சொல்லவே கூடாது."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் தாண்டிவிட்டால் மக்காச்சோளம் விதைக்க இறங்கிவிடுவார்கள். நடுவில் இருப்பது அந்த ஒரே சனிக்கிழமை. நான் கணக்குப் போட்டுவிட்டேன் என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. ஜன்னல் வழியாகச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மாதம் எங்கள் மாவட்டச் சந்தையில் ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஒன்பது வருஷமாக முதல் பரிசு எனக்குத்தான். போன வருஷம் வைத்த போர்வையில் நாலாயிரத்து இருநூறு துண்டுகள். நட்சத்திரத்துக்குள் நட்சத்திரம், அதற்குள் பூ, ஓரமெல்லாம் கொடி. நெப்ராஸ்காவில் மார்லிஸ் வோண்ட்ரா என்று சொன்னால், துணியைக் கையில் தொட்டவர்களுக்கெல்லாம் தெரியும். ஆகவே ஓடிப்போய் போர்வை மாதிரிப் படங்கள் ஒட்டிய என் நோட்டை எடுத்து வந்து விரித்தேன்.

"இதப் பாரு. வட்டம் வட்டமா ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு பாரு. இதுக்குக் கல்யாண மோதிரம்னே பேரு."

"வேண்டாம்."

"இந்த நட்சத்திரம்?"

"இதப் போத்திக்கிட்டா தூக்கம் வராது. எண்ணிக்கிட்டேதான் கிடக்கணும்."

"சரி, இந்தக் கூடை? பூ இல்லாம வெறும் கூடை மட்டும் வெக்கிறேன்."

"சாதாரணமா ஒண்ணு போதும், அக்கா. பாத்தா போர்வைன்னு தெரிஞ்சா போதும்."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன்டா, நான் உனக்குக் குடுத்த மூணும் போர்வையா தெரியலயா? அதெல்லாம் எங்க?"

தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னான். "பெட்டியில இருக்கு. வெள்ளைத் துணியில சுத்தி வெச்சிருக்கேன். ஒரு தடவ ஒண்ண எடுத்துப் போத்தினேன். அழுக்காயிடுமோன்னு விறைச்சுப்போய்க் கிடந்தேன். மறுநாள் கழுத்து திரும்பல."

இருபது வருஷத்தில் மூன்று போர்வைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்திருக்கிறேன். வாயைத் திறந்தால் ஏதாவது வந்துவிடும் என்று கொலாச் ஒன்றை எடுத்து நானே கடித்துக்கொண்டேன். அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே என்று ஒரு பக்கம் கோபமாகவும் ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்ப நீயே எடு," என்றேன். துணி அலமாரியைத் திறந்துவிட்டேன்.

அரை மணி நேரம் நின்றான். மாட்டுச் சந்தையில் காளையைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்தான். பூப்போட்டதையெல்லாம் ஒதுக்கினான். கடைசியில் மூன்றுதான் எடுத்தான். வெளுக்காத காடாத் துணி, மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒரு சாம்பல், பிறகு ஆழ்ந்த நீலம் ஒன்று. மூன்றிலும் ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. சாப்பாட்டு அறைத் தரையில் மண்டியிட்டு, ஒரு சாண் அகலத்துக்கு மடித்து மடித்து, நீளப் பட்டைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டான். காடா, சாம்பல், காடா, சாம்பல். நீலம் ஒன்றே ஒன்று. அதை நான் நடுவில் வைத்தேன். அவன் இழுத்து இடது பக்கம் தள்ளி வைத்தான்.

"நடுவுல வெச்சா எல்லாரும் அதையே பாப்பாங்க. அதுக்குச் சங்கடமா இருக்கும்," என்றான்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. நன்றாக இருந்தது. எதனால் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அந்த நீலத்தை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் கெட்டுவிடும் போலிருந்தது. வண்ணமும் துண்டும் கொடியும் இல்லாமல் ஒரு போர்வை என்னை நாற்காலியில் ஏற வைக்கும் என்று யாராவது முந்தின நாள் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"நகராத! யாரும் நகராதீங்க!" என்று கத்தினேன். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. சுண்ணக்கட்டியை எடுத்து ஒவ்வொரு பட்டைக்கும் அளவு குறித்துக்கொண்டேன். லாம்பர்ட் பூட்ஸை மாட்டிக்கொண்டு பசுக்களிடம் ஓடினான்.

சாதாரணப் போர்வைதானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாலாயிரம் துண்டுகளில் ஒரு தையல் கோணினால் கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஒன்பது பட்டைகளில் ஒரு நூல் கோணினாலும் வாசலில் நுழைகிறவருக்குத் தெரியும். முதல் இணைப்பை நான்கு தடவை பிரித்தேன். காலையில் கண் விழித்ததும் காப்பிக்கு முன்னால் தையல் மெஷினிடம் போய் நின்றேன். முதன்முதலாகப் பாவாடை தைத்த பெண் மாதிரி இருந்தேன்.

பழக்கம் ஒரு நாள் என்னை மீறியது. நீலத்துக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு, ஒரு தீக்குச்சி அகலம்தான், வைத்தால் எப்படி இருக்கும் என்று வெட்டிக் குத்தி வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. தோட்டத்துக்குப் போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து பார்த்தேன். போர்வை காணாமல் போய்விட்டது, சிவப்புக் கோடு மட்டும்தான் இருந்தது. ஊசியை உருவி அதைக் குப்பைக்கூடையில் போட்டேன். அப்படி ஒன்றை எடுத்துப் போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு விரித்து, மூன்றையும் சேர்த்துக் கையால் தையல் ஓட்ட வேண்டும். அதைத் தனியாகச் செய்தால் ஈஸ்டர் வரைக்கும் அல்ல, கிறிஸ்துமஸ் வரைக்கும் இழுக்கும். வேறு வழியில்லாமல் பெர்னிஸையும் ஆர்லீனையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் பள்ளியிலிருந்தே என் தோழிகள். கீழறையில் பெரிய மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டியிருந்ததைப் பார்த்து பெர்னிஸ் என் நெற்றியில் கை வைத்தாள்.

"காய்ச்சல் இல்ல. என்னடி ஆச்சு உனக்கு? மிச்சத் துணிய எலி தின்னுடுச்சா?"

"ஒரு உறவுக்காரருக்கு. இப்படித்தான் வேணும்னு கேட்டாங்க."

"உன் சொந்தத்துல இவ்வளவு கம்மியாக் கேக்குற ஆளு ஒரே ஆளுதான்," என்றாள் பெர்னிஸ். "லாம்பர்ட்டுக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய கட்டில்?"

ரகசியம் கால் நிமிஷம்தான் தாங்கியது. அன்றிலிருந்து கீழறையில் ஒரே சிரிப்பு. தைத்துக்கொண்டே ஊரில் கல்யாணமாகாதவர்கள், கணவனை இழந்தவர்கள், ஏன், தபால் கொண்டுவருகிற அம்மாள் வரைக்கும் ஒவ்வொருவராக எடுத்து வைத்துப் பார்த்தார்கள். தோற்றவள் ஆப்பிள் வைத்த பை பலகாரம் ஆறு சுட வேண்டும் என்று பந்தயம்.

"மாட்டு டாக்டர் ரெனாட்டாவா இருந்தா?" என்றாள் ஆர்லீன்.

எனக்கு விரலில் ஊசி ஏறிவிட்டது. "அந்தப் பேர இந்த வீட்ல எடுக்காத."

ஆறு வருஷத்துக்கு முன் சந்தையில், என் போர்வைக்கு முன்னால் நின்று, ஊரே கேட்க அந்த ரெனாட்டா ஹ்ரூஸ்கா சொன்னாள்: "அப்பப்பா, எனக்குத் தல சுத்துதே." அன்றிலிருந்து நான் அவளிடம் பேசுவதில்லை. என் நாய்க்கு உடம்புக்கு வந்தால்கூட நாற்பது மைல் தள்ளி வேறு டாக்டரிடம் கொண்டுபோகிறேன்.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், மேலே கதவு தட்டும் சத்தம் கேட்டது. போய்த் திறந்தால் அவளேதான். முழங்கால் வரை சேறு. நரைத்த முடி பின்னால் கட்டியிருந்தது. கையில் தொப்பி. லாம்பர்ட் பிடித்த மாதிரியே பிடித்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோயிற்று.

"மார்லிஸ், கோயில்ல கல்யாண அறிவிப்புல பேர் வாசிச்சு நீங்க தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு நானே சொல்ல வந்தேன்," என்றாள். "அவரு சொல்றேன்னு சொல்லி மூணு வாரமா சொல்லாமலே இருக்காரு. உங்களுக்குப் பயப்படுறாரு. நானும்தான்."

"நீங்க பயப்படுற ஆளா?"

"ஆயிரம் கிலோ காளைக்குப் பயப்பட மாட்டேன். அன்னைக்குச் சந்தையில நான் பேசினது தப்பு. தல சுத்தினது நிஜம். ஆனா அத அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்."

ஆறு வருஷமாக நான் மனதில் எழுதி வைத்திருந்த பதில்கள் ஒரு மூட்டை இருந்தன. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இவள்! லாம்பர்ட்டுக்கு இவள்! உள்ளே கோபத்தைத் தேடிப் பார்த்தேன். கைக்கு அகப்பட்டதெல்லாம் சந்தோஷம்தான்.

"பூட்ஸக் கழட்டுங்க," என்றேன். "கீழ வாங்க."

கீழே பெர்னிஸும் ஆர்லீனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படிக்கட்டில் காது வைத்திருந்துவிட்டு அப்போதுதான் ஓடிப்போய் உட்கார்ந்தது முகத்திலேயே தெரிந்தது. ரெனாட்டா சட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு பட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்பது வருஷத்தில் நடுவர்கள் முன்கூட நான் இப்படிக் காத்து நின்றதில்லை.

"நீலத்த ஓரமா வெச்சது யாரு?"

"லாம்பர்ட்."

"அவரேதான்," என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எனக்கும் ஒரு ஊசி குடுங்க."

நான் தயங்கினேன். பெர்னிஸ் கொடுத்துவிட்டாள். பத்து நிமிஷம் கழித்து ஆர்லீன் குனிந்து பார்த்து, மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு தையலும் அரிசியைக் கோத்த மாதிரி, பொடியாக, ஒரே அளவில்.

"எங்க கத்துக்கிட்டீங்கம்மா?"

"பசு வயித்துல தையல் போட்டுத்தான்," என்றாள் ரெனாட்டா. "பசு மட்டும் நடுவுல எந்திரிச்சு ஓடும். இது ஓடாது. ரொம்ப சுகமா இருக்கு."

"சரியாப் போச்சு," என்றாள் பெர்னிஸ். "நாத்தனார் சண்டை கல்யாணத்துக்கு முந்தியே முடிஞ்சு போச்சு. இனிமே நாங்க என்னத்தப் பேசுறது? ஆர்லீன், உனக்கு ஆறு பை நான் சுடணும்."

சிரித்து முடிக்கவில்லை, ரெனாட்டாவின் போன் அடித்தது. லாம்பர்ட். முதல் ஈற்றுக் கிடாரி ஒன்று, கன்று பின்பக்கமாக வருகிறது. அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினாள். "இன்னொரு கை இருந்தா நல்லது!" என்று மேலிருந்து கத்தினாள். யோசிக்கவே இல்லை, நானும் ஏப்ரனோடு ஓடினேன்.

அவளுடைய வண்டி சேற்றில் வழுக்கிக்கொண்டே பறந்தது. தொழுவத்தில் லாம்பர்ட் மண்டியிட்டிருந்தான். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு! விளக்கம் சொல்ல நேரமில்லை. ரெனாட்டா தோள் வரை கையுறை மாட்டினாள். அவன் கயிற்றை நீட்டினான், அவள் கேட்காமலே. அவள் தலையசைத்தால் இழுத்தான், நிமிர்ந்தால் நிறுத்தினான். நான் கிடாரியின் தலையைக் கட்டிக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். கால் மணி நேரம். பிறகு ஒரே வழுக்கலாகக் கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. அசையவில்லை. ரெனாட்டா அதன் மூக்கைத் துடைத்து, விலாவை அழுத்தித் தேய்த்தாள், தேய்த்தாள். தும்மியது. நான் கத்திய கத்தலில் மற்றப் பசுக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

மூன்று பேரும் வைக்கோலில் சாய்ந்தோம். தலையிலிருந்து கால்வரை சளியும் ரத்தமும் சேறும்.

"அக்கா," என்றான் லாம்பர்ட், கன்றையே பார்த்தபடி. "நான் சொல்லணும்னுதான்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். எத்தன பேருக்குச் சமையல்?"

"நாங்க ரெண்டு பேரும் ஃபாதரும் போதும்னு நெனச்சோம்."

"போர்வைக்கு ஒத்துக்கிட்டேன்டா. இதுக்கு ஒத்துக்க மாட்டேன்."

ரெனாட்டா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "முப்பது பேர்?" என்றாள்.

"அறுவது," என்றேன் நான்.

"நாப்பது," என்றான் லாம்பர்ட்.

நாற்பத்தெட்டில் வந்து நின்றது. அதற்குள் கன்று பின்னங்காலை ஊன்றி எழப் பார்த்து, வைக்கோலில் மூக்கு பதியக் கவிழ்ந்து, மறுபடியும் எழுந்துகொண்டிருந்தது.