நின்றபடி போட்ட மாத்திரை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் தம்பி, நர்ஸ் வேலை பார்க்கும் அவன் மருமகள், அவன் மகளுக்குக் கல்யாண நாள் குறிக்க வந்த சம்பந்தி, அவர் மனைவி. வேறு யாரும் இல்லை.

பேச்சு நல்லபடியாக முடிந்து சம்பந்தி எழுந்தார். தம்பியும் எழுந்தான். உடனே அவன் கை நெஞ்சுக்குப் போனது, முகம் வியர்த்தது. விருந்தாளி நிற்கும்போது நாங்கள் உட்காருவதில்லை. அதனால் இதயவலி மாத்திரையை நின்றபடியே நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"மாமா, உக்காருங்க! நின்னுக்கிட்டு வெச்சா பிரஷர் இறங்கிடும்னு எத்தனை தடவை சொல்றது?"

"சம்பந்தி நிக்கறாரும்மா."

"மயக்கத்துக்கு மரியாதை தெரியுமா?"

அவள் வாய் மூடுவதற்குள் தம்பி சரிந்து சம்பந்தியின் காலடியில் விழுந்தான். மருமகள் அவனை நேராகப் படுக்க வைத்து, கால்களைத் தலையணை மேல் உயர்த்தி, நாடி பார்த்தாள். தம்பி கண் திறந்து வலி விடவில்லை என்றதும் ஆம்புலன்ஸை அழைக்கச் சொன்னாள்.

அதற்குள் அவன் எழப் பார்த்தான். சம்பந்தி சட்டென்று தரையில் அமர்ந்தார். "நானே உக்காந்துட்டேன். இனியாவது அசையாம கெடங்க, சம்பந்தி!"

தம்பி பிழைத்தான். இப்போதெல்லாம் உட்கார்ந்துதான் மாத்திரை போடுகிறான். விருந்தாளி இருந்தால் அவனுக்காக நான் நிற்கிறேன்.

ஊரில் ஒரு பேச்சு: கல்யாணம் நின்றுவிடுமென்று பயந்து அவன் சம்பந்தியின் காலில் விழுந்து கெஞ்சினானாம். பொய். இரத்த அழுத்தம் இறங்கி விழுந்தான்.