அண்ணன் கேட்ட வேஷம்

ஜப்பானின் ஒசாகாவில் கபுகி நாடகக் கொட்டகை நடத்திய ஹன்ஷிரோதான் அங்கே முதன்மை நடிகனும். அதற்கு முன் முதன்மை நடிகன் என்ற அந்த இடம் அவன் அண்ணன் தொக்குசோவுடையது. கடும் காய்ச்சலில் விழுந்து எழுந்தபின் அண்ணனுக்கு நாக்கு குழறியது. படைத்தலைவனாக வந்து அவர் வாயைத் திறந்ததும் சனங்கள் சிரித்தார்கள். அந்த வேஷத்தை ஹன்ஷிரோவே பிடுங்கிப் போட்டுக்கொண்டான்.

படைத்தலைவன் ஏறி வரும் குதிரை, துணிக்குள் இரண்டு ஆட்கள் முன்னங்காலும் பின்னங்காலுமாகக் குனிந்து நிற்பதுதான். மறுநாள் அண்ணன் வந்து நின்றார்.

"துணிக் குதிரைக்குப் பின்னங்கால் ஆள் இல்லையாமே. நான் நிக்கிறேன்டா."

"என்னண்ணே இது? வீட்ல இருங்க. சோறு நான் போடுறேன்."

"சோத்துக்கா வந்தேன்? குதிரை பேச வேண்டாம்ல!" அண்ணனே சிரித்தார். பிறகு தலைகுனிந்தார். "மேடையில நிக்கணும்டா. அவ்வளவுதான்."

ஹன்ஷிரோவால் மறுக்க முடியவில்லை.

அன்று அவன் குதிரைமேல் ஏறி உட்கார்ந்தபோது, பாரமெல்லாம் அண்ணன் முதுகில் இறங்கியது. கொட்டகை முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கூவியது. அவன் வசனத்தைத் தொடங்கினான். துணிக்குள்ளிருந்து அதே வரிகளை அண்ணன் குழறிக் குழறிச் சொல்வது கேட்டது.

சனங்களுக்கு அது கேட்டுவிடக் கூடாதே என்று ஹன்ஷிரோ தொண்டை கிழியக் கத்தினான்.