சின்னப்பன் சாகாத சனிக்கிழமை

ரங்கனுக்கு ஏரியில் ஒரு பாடு இருந்தது. வீட்டில் ஒரு தகர டப்பா இருந்தது, அதில் மூன்று புலியும் பதினைந்து ஆடும் இருந்தன. இரண்டில் எது சோறு போடும் என்று கேட்டால் குப்பத்தில் யாரும் பட்டென்று சொல்லிவிடுவார்கள். ரங்கன் மட்டும் கொஞ்சம் யோசிப்பான்.

பாடு என்றால் வேறொன்றும் இல்லை, முறை. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற நல்ல இடம் ஒன்றுதான். வலைக்காரர்களோ நாற்பது பேர். அதனால் ஆளுக்கொரு நாள் என்று வரிசை வைத்திருந்தார்கள். பகல் சாய்ந்து நீர் வடியத் தொடங்குமுன் ஊர்ப் பெரியவர் பச்சைமுத்து அம்மன் கோயில் மணலில் வந்து நிற்பார். அன்றைக்கு யார் முறையோ அவன் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். அவன் தன் வாயால் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். பெண்டாட்டி சொன்னால் செல்லாது, தம்பி சொன்னாலும் செல்லாது. ஆள் இல்லாவிட்டால் அடுத்தவன் வலையை எடுத்துக்கொண்டு போவான். அடுத்தடுத்து மூன்று முறை வராதவனின் பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்தால் எடுத்ததுதான், அவன் பிள்ளைக்கும் கிடையாது. அப்புறம் காலமெல்லாம் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏற வேண்டியதுதான்.

ரங்கன் ஏற்கெனவே இரண்டு முறையைத் தின்று ஏப்பம் விட்டிருந்தான். ஒன்று பொன்னேரியில் யாரோ வைத்த ஆடு புலி ஆட்டப் போட்டிக்கு. இன்னொன்று ஆரம்பாக்கம் திருவிழாவில் நடந்த போட்டிக்கு. முதலாவதில் ஒரு எவர்சில்வர் தட்டு கிடைத்தது. இரண்டாவதில் ஒரு துண்டு கிடைத்தது, அதுவும் முதல் சலவையிலேயே சாயம் போயிற்று.

அவன் பெண்டாட்டி நாகம்மாளை அவள் நைனா இந்த வீட்டில் கொடுத்ததே பாடு உள்ள வீடு என்றுதான். மாப்பிள்ளையின் மூக்கைப் பார்த்தா கொடுத்தார்? அந்த வரிசையில் ஒரு பெயர் இருந்தால் பெண்ணும் பிள்ளைகளும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். இப்போது அந்தப் பெயர் ஒரு தகர டப்பாவில் சிக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கையில் நாகம்மாளுக்கு வயிறு எரிந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் மார்கழியில், பழவேற்காட்டில் ஜெகபர் அலி பாய் ஒரு மாநாடு கூட்டினார். ஆமாம், மாநாடுதான். மலேயாவில் இருபது வருஷம் கடை வைத்துவிட்டுத் திரும்பிய மனிதர் அவர். வரும்போது ஊரார் எல்லாம் துணிமணியும் கடிகாரமும் கொண்டுவர, இவர் ஒரு பெட்டி நிறைய ஆட்டப் பலகைகள் கொண்டுவந்தார். பலகை ஆட்டம் ஆடுகிற எல்லாரும் ஒரே கூரையின் கீழ் ஒரு நாள் கூட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கனவாம். மனிதனுக்கு என்னென்ன கனவெல்லாம் வருகிறது பாருங்கள். நோட்டீஸ் அடித்துக் காட்டூர் வரைக்கும் ஒட்டினார்கள். ஆடு புலி ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு வெள்ளிப் பூச்சுப் போட்ட கோப்பை. நாள், சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமைதான் ரங்கனுக்குப் பாடு.

நாகம்மாள் நோட்டீஸைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டாள். அடுத்த நாள் முறைக்காரன் முனியனிடம் மாற்றிக்கொள், இரண்டு பேரும் முந்தின நாளே பெரியவர் முன்னால் போய் நின்று சொன்னால் போதும், பாடும் தப்பும், உன் ஆட்டமும் நடக்கும் என்றாள். எவ்வளவு எளிய வழி! ஆனால் ஏழு காய் முன்னால் பார்த்து ஆடுகிற மேதைக்கு எளிய வழி எப்படிப் பிடிக்கும்?

ரங்கன் வேறொரு கணக்குப் போட்டான். குப்பத்தின் மூத்த கிழவர் சின்னப்பன் பத்து நாளாகப் படுக்கையில் கிடந்தார். கஞ்சி இறங்கவில்லை. வியாழனைத் தாண்டாது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஊரில் சாவு விழுந்தால் மூன்று நாள் யாரும் வலை போடுவதில்லை, வரிசை அப்படியே மூன்று நாள் தள்ளிப்போகும். சனிக்கிழமைப் பாடு செவ்வாய்க்குப் போய்விடும். செவ்வாய் அமாவாசை! இறால் கொட்டுகிற நாள்! இதைப் போய் முனியனுக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாளே, பெண்புத்தி என்று அவன் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். வாய்விட்டும் சொன்னான். நாகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

புதன்கிழமையிலிருந்து ரங்கன் தினம் இரண்டு வேளை சின்னப்பனைப் போய்ப் பார்த்தான். கட்டிலோரம் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பான். ராத்திரி மூச்சு எப்படி இருந்தது, சோறு தண்ணீர் இறங்கியதா என்று அக்கறையாக விசாரிப்பான். பெற்ற பிள்ளைகளே அப்படி விசாரிக்கவில்லை. கிழவருக்குக் கண் கலங்கிற்று. வியாழன் போயிற்று. வெள்ளியும் போயிற்று. சனிக்கிழமை விடியற்காலை கடைசியாக ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நாகம்மாளிடம் சொல்லி, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் படகேறினான்.

காலை பத்து மணிக்குச் சின்னப்பன் எழுந்து உட்கார்ந்து இறால் குழம்பு கேட்டார்.

செய்தி நாகம்மாள் காதுக்கு வந்தபோது அவள் அடுப்பில் உலை வைத்திருந்தாள். அடுப்பை அணைத்தாள். அடுத்த படகைப் பிடித்து அரை மணியில் பழவேற்காட்டுக் கரையில் இறங்கினாள். நீர் வடிய இன்னும் நேரம் இருந்தது. ஆளை இழுத்துக்கொண்டு திரும்பினால் போதும்.

மாநாடு ஜெகபர் அலி பாயின் கருவாட்டுக் கிட்டங்கியில் நடந்தது. மூட்டைகளை ஒருபக்கம் ஒதுக்கி, கயிற்றில் வண்ணக் காகிதம் கட்டி, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். ஊதுபத்தியால் கருவாட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. உள்ளே எண்பது ஆண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ செத்த வீடு என்று நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவு அமைதி. நாகம்மாள் வாசலிலேயே நின்று ஒருமுறை பார்த்தாள். வீட்டில் உடைந்த கதவுக்கு ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் ஆறு மாதம் தள்ளிப்போடுகிற முகங்கள். இங்கே ஒருவன் கேரம் பலகையைக் குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல் தடவிக்கொண்டிருந்தான். இன்னொருவன் சதுரங்கக் காய்களைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் துடைத்தான். பட்டணத்திலிருந்து வந்த நாலு பேர் ஒரு அட்டையில் பம்பாயையும் கல்கத்தாவையும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவைப் பறிகொடுத்தவன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மூலையில் புலி ஒரே தாவலில் இரண்டு ஆட்டை வெட்டலாமா கூடாதா என்று ஐந்து பேர் குழுவாக உட்கார்ந்து காலையிலிருந்து பேசுகிறார்களாம், இன்னும் முடிவு வரவில்லையாம். சட்டசபையில்கூட இவ்வளவு பொறுப்பு இருக்காது.

ரங்கன் நடுவில் உட்கார்ந்திருந்தான். கடைசி ஆட்டம். எதிரே ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சீனிவாசன். ரங்கனுக்கு ஆடு, அவருக்குப் புலி. நாகம்மாள் நேரே போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"யோவ், சின்னப்பன் தாத்தா எழுந்து குந்திக்கினு எறா கொழம்பு கேக்குது. கெளம்பு."

ரங்கன் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாவப் போறவங்களுக்குக் கடைசியா ஒரு தபா பசிக்கும்மே. உனுக்குத் தெரியாது. நீ போ."

"மூணாவது தபாயா இது. பேரை எடுத்துருவாங்க."

"ரெண்டு புலியக் கட்டிட்டேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு."

ஜெகபர் அலி பாய் பதறிக்கொண்டு வந்தார். ஆட்டம் நடக்கையில் ஆட்டக்காரரோடு பேசுவது மாநாட்டு விதிக்குப் புறம்பு என்று மிக மரியாதையாகச் சொன்னார். தங்கச்சி பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார். நாகம்மாள் பாடு பற்றிய விவரத்தை அவரிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர், முகம் சுருங்கிப்போயிற்று. ரங்கன் தோளைத் தொட்டு, வேண்டுமானால் விட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள், இரண்டாம் பரிசு உண்டு என்றார். ரங்கன் அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வையில், பெற்ற பிள்ளையை விற்கச் சொன்னால் எவ்வளவு கோபம் வருமோ அவ்வளவு கோபம் இருந்தது.

சீனிவாசன் ஒரு காய் நகர்த்தக் கால் மணி எடுத்துக்கொண்டார். ரயில் போய்விடும் என்று அவசரப்பட்டுப் பழகாத மனிதர்போலும். நாகம்மாள் மூன்று நகர்த்தல் வரை நின்று பார்த்தாள். ஒரு புலி இப்படிப் போயிற்று, ஒரு ஆடு அப்படிப் போயிற்று, அந்தப் புலி வந்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவளுக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. நீர் யாருக்காகவும் காத்திருக்காது. அவள் தனியாகவே படகேறினாள்.

அவள் கோயில் மணலுக்கு வந்து சேர்ந்தபோது ஊர் கூடியிருந்தது. போதாததற்குச் சின்னப்பனையும் வெயில் காயக் கட்டிலோடு தூக்கிவந்து வைத்திருந்தார்கள். கிழவர் குழம்பு ஒட்டிய மீசையோடு தெம்பாக உட்கார்ந்திருந்தார்.

பச்சைமுத்து முதல் தரம் ரங்கன் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாம் தரம் கூப்பிட்டார். நாகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தாங்காமல், வந்துகொண்டிருக்கிறார் என்று பொய் சொன்னாள். பெண்பிள்ளை வார்த்தை செல்லாது என்பது பெரியவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒரு பீடியைப் பற்றவைத்து, அது தீரும்வரை பழவேற்காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீரில் ஒரு படகும் இல்லை. அவர் அவளிடம் இதற்குமேல் நான் என்னம்மா செய்வது என்று மெல்லச் சொல்லிவிட்டு, மூன்றாம் தரம் கூப்பிட்டார்.

பிறகு முனியனைக் கூப்பிட்டார். முனியன் 'இருக்கேன்' என்றான். அவன் நாகம்மாள் முகத்தைப் பார்க்காமல் வலையைத் தூக்கிக்கொண்டு போனான்.

"ரங்கனா வரல?" என்றார் சின்னப்பன் கட்டிலிலிருந்து. "காலையிலகூட வந்து கையைப் புடிச்சிப் பாத்துட்டுப் போனானே. தங்கமான புள்ள. அவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

நாகம்மாளுக்கு அந்தக் கிழவரின் காலில் விழுந்து அழ வேண்டும்போல் இருந்தது.

பொழுது சாய ரங்கன் வந்தான். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கினான். மூன்றாவது புலியையும் கட்டிவிட்டானாம். வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிட்ட விஷயத்தை வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் வந்ததும் கோப்பையைச் சாமி மாடத்தில் வைத்து, எந்தப் பக்கம் வெளிச்சம் படுகிறது என்று பார்த்துத் திருப்பி வைத்தான். நாகம்மாள் உலையைத் திரும்ப ஏற்றினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே சின்னப்பன் செத்துப்போனார். மூன்று நாள் யாரும் வலை போடக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டு ரங்கன் வாசலுக்கு வந்து நின்றான். விரல் விட்டு எண்ணினான்.

"நான் போட்ட கணக்கு சரிதாம்மே," என்றான். "ஒரே ஒரு நாளுதான் தப்பு."

நாகம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். இருபது வருஷமாக அவனோடு குடித்தனம் செய்கிறாள், அந்த நிமிஷம் அவளுக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை. அவள் உள்ளே போய்க் கோப்பையை எடுத்துவந்தாள். எடையே இல்லை. அடியில் ஏதோ பொறித்திருந்தது, அவளுக்கு எழுத்துத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

ரங்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தான். ஆடு புலி ஆட்டம், முதல் பரிசு, சுழற்கோப்பை. சுழற்கோப்பை என்றால் என்ன என்றாள். ஒரு வருஷம் ஒருத்தர் வீட்டில் இருக்கும், அடுத்த மாநாட்டில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும், மறுபடி ஜெயித்தால் மறுபடி கிடைக்கும் என்று விளக்கினான்.

"அதுக்கு நீயே போவணுமா? நான் எடுத்துக்கினு போய்க் குடுத்தா ஆவாதா?"

"ஆவாது. பேரைக் கூப்புடும்போது நானே நேர்ல நின்னு, இருக்கேன்னு சொல்லணும். இல்லாகாட்டி பேரை எடுத்துருவாங்க. பாய் ரொம்பக் கண்டிப்பு."

நாகம்மாள் கோப்பையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அதுக்குப் போயி நில்லு," என்றாள். பிறகு கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, சின்னப்பன் வீட்டுக்கு அழப் போனாள்.