பாலும் பல்லியும்

அன்று மாலை பள்ளியிலிருந்து வந்த கிருஷ்ணப்ரியா பால் வேண்டாம் என்றாள். வழக்கமான வேண்டாம் இல்லை. டம்ளரைப் பார்த்ததுமே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அவள் அம்மா சியாமளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக வடக்கே வாகடு என்ற ஊருக்கு வந்து ஆறு மாதத்தில் பிள்ளை எதை எதையோ வேண்டாமென்று தள்ளியிருக்கிறாள். பாலை ஒருநாளும் தள்ளியதில்லை.

"என்னாச்சு சாமி? வயிறு வலிக்குதா?"

"இல்ல."

"சூடா இருக்குதா?"

"அதுக்குக் கால் இருக்குமாம்மா?"

"எதுக்குக் கால்?"

அந்த நேரத்தில் கைபேசி ஒலித்தது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஷீலா ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியிருந்தார். 'காலையில் குடித்ததில் பல்லி என்று ப்ரியா ஏதோ சொல்கிறாள். மற்ற பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். நாளை வந்து என்னைப் பாருங்கள்.'

பல்லி விழுந்த பாலையா பிள்ளை குடித்தாள்? காலையில் பாத்திரத்தை மூடினோமா இல்லையா? மூடின மாதிரியும் இருந்தது, மூடாத மாதிரியும் இருந்தது. மிச்சமிருந்த பாலைத் தொட்டியில் கொட்டினாள். பிள்ளையைப் பிடித்து இழுத்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"கண்ணு, அம்மாகிட்ட நெசத்தச் சொல்லு. பால்ல பல்லி விழுந்துச்சா?"

"விழுகலம்மா. பாலே பல்லிதான்."

"என்னது?"

"எங்க கிளாஸ் தேஜஸ் சொன்னான். எல்லாருமே சொன்னாங்க."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலும் இல்லை.

கணவன் பாஸ்கர் வேலை முடிந்து வந்தபோது ஃப்ரிட்ஜ் நடுக்கூடத்தில் நின்றது. பாத்திரமெல்லாம் தரையில் கிடந்தன. சியாமளா டார்ச்சோடு அலமாரிக்கு அடியில் குனிந்திருந்தாள்.

"ஏனுங்க, முதல்ல டாக்டர்கிட்டப் போலாம். வண்டில சொல்றேன்."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். "பல்லியை எங்கே பார்த்தாய்?" என்று இந்தியில் கேட்டார்.

"பாக்கல அங்கிள். குடிச்சேன்" என்று அவளும் இந்தியில் சொன்னாள்.

டாக்டர் சியாமளாவைப் பார்த்தார். சியாமளா பாஸ்கரைப் பார்த்தாள். பாஸ்கர் மின்விசிறியைப் பார்த்தான்.

மறுநாள் சியாமளா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள். வகுப்பறைச் சுவரெங்கும் படங்களும், படங்களுக்குக் கீழே ஆங்கிலச் சொற்களுமாக ஒட்டியிருந்தார்கள். தினம் ஒரு புதுச் சொல் கற்றுத்தருவோம், அதை வைத்துப் பிள்ளைகள் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும் என்று ஷீலா விளக்கினார். நேற்றைய சொல் 'டெய்லி'. தினமும் பஸ்ஸில் வருகிறேன் என்றானாம் தேஜஸ். ப்ரியா எழுந்து தினமும் எதைக் குடிக்கிறேன் என்று சொன்னாளோ, அதைக் கேட்டு வகுப்பே அலறியதாம்.

"எங்கள் வீட்டில் பல்லியே கிடையாது மேடம், எல்லா இடத்திலும் தேடிவிட்டோம்" என்றாள் சியாமளா ஆங்கிலத்தில். "அவள் குடிப்பது வெறும் பால்தான்." படபடப்பில் அந்த ஒரு சொல் மட்டும் தமிழிலேயே வந்துவிட்டது.

ஷீலா நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தினமுமா?"

"இரண்டு வேளை. நானும் குடிப்பேன்."

"பச்சையாகவா?"

"இல்லை, காய்ச்சி, சர்க்கரை போட்டு."

ஷீலா எழுந்துபோய்ப் பலகையில் நாலு கால், நீண்ட வால், புடைத்த கண் என்று ஒன்றை வரைந்தார். "இதையா?"

"ஐயோ, இல்லை மேடம்!" சியாமளா ஓடிப்போய்ச் சாக்பீஸை வாங்கிப் பக்கத்தில் ஒரு பசுவை வரைந்தாள். அவளுக்குப் படம் வராது. அவசரத்தில் அந்தப் பசுவும் இன்னொரு பல்லியாகவே வந்து நின்றது. ஷீலாவின் முகம் மேலும் வெளுத்தது.

"மில்க்! மில்க் மேடம்!"

ஷீலா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "மராத்தியில் பல்லிக்குத்தான் பால் என்று பெயர்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்றே வகுப்பில் பல்லிப் படத்தையும் பால் டம்ளர் படத்தையும் அருகருகே ஒட்டி, இரண்டுக்கும் கீழே ஒரே சொல்லை எழுதினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ப்ரியா மட்டும் தட்டவில்லை.

மாலையில் சியாமளா டம்ளரை நீட்டினாள்.

"இது எந்தப் பாலும்மா?"

"நம்ம பால் சாமி."

"தேஜஸ் வீட்டுப் பால்?"

"அது செவுத்துல ஓடும்."

"அவங்க வீட்ல நம்ம பால் இல்லியா?"

"இருக்கும். ஆனா அது பால் இல்ல..." என்று ஆரம்பித்த சியாமளா பாதியில் தானே குழம்பி நின்றாள். பிள்ளை டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள், விரலை விட்டுத் துழாவினாள், பிறகு பாதியைக் குடித்தாள். அதுவே பெரிது என்று சியாமளா விட்டுவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் தேஜஸின் அம்மா லிஃப்டில் அவளைப் பிடித்துக்கொண்டார். அவர்களும் அதே குடியிருப்புதான். முந்தின நாளிலிருந்து பையன் டம்ளரில் பால் வேண்டுமென்று அடம்பிடிக்கிறானாம். முதல்தடவை கேட்டபோது அவன் அப்பா துடைப்பத்தோடு நாற்காலிமேல் ஏறிவிட்டாராம். "பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லித்தருகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். கோபமா, கேலியா, முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

இந்தியில் சமாதானம் சொல்ல சியாமளா வார்த்தை தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. வெறும் பால்தானுங்க!"

அந்த அம்மாள் சட்டென்று லிஃப்டின் கூரையை அண்ணாந்து பார்த்தார்.