கனத்துக்கு ஓர் ஆள்

பல் டாக்டர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். பிறகு வண்டியை லேசாக நகர்த்தி பிரேக்கை மிதித்தார், நகர்த்தி மிதித்தார். மூன்று தடவை. முன்பக்கத்திலிருந்து பழைய கட்டில் முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வண்டியின் முன் சஸ்பென்ஷனை முழுதாகப் பிரித்து, தேய்ந்து போனதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாம் புதிதாகப் போட்டு அனுப்பியிருந்தோம். நானும் என் மச்சானும்.

"ஆடுற பல்லை நான் கட்டிக் குடுத்து அனுப்பறேன்னு வைங்க. மூணு மாசத்துல அது திரும்ப ஆடினா என்னை சும்மா விடுவீங்களா?" என்றார்.

"விடமாட்டேன் டாக்டர். சாயங்காலம் வாங்க, பார்த்து வைக்கிறேன்."

அவர் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து போனார். நல்ல மனிதர், கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டிக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. இரண்டே கதவு, ஒவ்வொன்றும் பீரோ கதவு அளவு. கரும்பச்சை நிறம், உள்ளே தோல் சீட், பின்னால் உட்கார வேண்டுமானால் எலும்பில்லாமல் பிறந்திருக்க வேண்டும். புதிதில் யாரோ பெரிய மனிதருடைய கௌரவமாக இருந்தது, இப்போது டாக்டருடைய பிடிவாதமாக இருக்கிறது. இந்த ரகத்தை வைத்திருந்த மற்றவர்களெல்லாம் எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள். லிஃப்டில் ஏற்றித் தூக்கினேன். நான்கு சக்கரமும் தரையை விட்டுத் தொங்கின. கை விளக்கை எடுத்துக்கொண்டு கீழே போய் அண்ணாந்து பார்த்தேன்.

சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கைக்கு லோயர் ஆர்ம் என்று பெயர். அதன் மூட்டில் புஷ் என்று ஒரு ரப்பர் உருளை, நடுவில் ஒரு போல்ட். வண்டி தூக்கியிருக்கும்போது அந்த போல்ட்டைக் கையளவுக்குத்தான் மாட்ட வேண்டும். வண்டியை இறக்கி, அது தன் கனத்தைத் தானே சுமந்து நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டுவிடும். கழுத்தைத் திருப்பி வைத்தபடியே மாதக்கணக்கில் தூங்குகிற மாதிரி. கொஞ்ச நாளில் கிழிந்து போகும். எங்கள் பட்டறையில் இது சட்டம். சட்டம் போட்டவர் மச்சான்.

இடது பக்கத்து புஷ் நேற்று மாட்டியது மாதிரி இருந்தது. வலது பக்கத்து புஷ் கிழிந்து, ரப்பர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது.

விளக்கை இடது பக்கம் கொண்டு போனேன். திரும்ப வலது பக்கம் கொண்டு வந்தேன். பாகத்தில் பழுது என்றால் இரண்டும் கிழிந்திருக்க வேண்டும், ஒரே பெட்டியில் வந்தவை. முப்பது வருடமாக எந்த வண்டி வந்தாலும் இடது பக்கம் நான், வலது பக்கம் மச்சான். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. கட்டிலில் அவரவர் பக்கம் என்று ஆகிவிடுவது மாதிரி ஆகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கீழே பட்டறை, மேலே வீடு, வீட்டின் பின் அறையில் அவர். அறுபத்து நான்கு வயது, ஆனால் இன்றைக்கும் ஒரு எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு எந்த சிலிண்டர் முரண்டு பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் அவர் மேஜையருகே நின்று பழைய நட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே அடிக்கடி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறார். பிரித்ததையே பிரிக்கிறார். வயதாகிறது, சலிப்பாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் நினைத்துக்கொள்வதில் கெட்டிக்காரன்.

முதலில் ஞாபகம் வந்தது பள்ளிக்கூட வேன். அதற்கு முந்தாநாள் பிரேக் போட்டு அனுப்பியவர் மச்சான், தனியாக. வாசலுக்கு வந்து வேன் டிரைவருக்கு போன் போட்டேன். சும்மா ஒரு தடவை பார்க்க வேண்டும், பிள்ளைகளை இறக்கிவிட்டதும் நேரே வா என்றேன். என்ன ஏது என்று கேட்டான். மழுப்பினேன். அவன் வந்ததும் நான்கு சக்கரத்தையும் கழற்றி ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இறுக்கத்தில் இருந்தது, ஒரு குறை சொல்ல முடியாது. இறுக்கிவிட்டுத் துடைத்துக்கூட விட்டிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. எல்லாம் தப்பென்றால் ஒரு வழி. எது சரி எது தப்பு என்று தெரியாவிட்டால், இனி அவர் தொட்ட ஒவ்வொன்றையும் நான் தொட்டாக வேண்டும். என் முதுகு இப்போதே ஒரு ஆள் வேலைக்குத்தான் தாங்குகிறது.

மத்தியானம் மேலே போனபோது மச்சான் சாப்பிட்டு முடித்துத் தன் அறையில் கண்ணயர்ந்திருந்தார். மனைவி எனக்குத் தட்டு வைத்தாள். மெல்லிய குரலில் சொன்னேன். புஷ் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை, பட்டறை மாடியிலேயே வாழ்ந்தவள். கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மூணு வாரமா அண்ணனோட மாத்திரையை நான்தான் எடுத்து வச்சுக் குடுக்கறேன்," என்றாள். "ஒரே நாள்ல ரெண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துப் போட்டுட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வேலைய விட்டு நிறுத்திருவீங்க."

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூட வேன் பிரேக்கை மாட்டுகிற மனிதர், அவர் மாத்திரை எண்ண முடியாததை வீட்டில் ஒருத்தி மூடி மறைத்து வைத்திருக்கிறாள். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பிரித்த நட்டுகளையே அவர் பிரிப்பதை நானும் அவளிடம் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்," என்றேன்.

"போவோம். போகத்தான் வேணும்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா நிறுத்திட்டீங்கன்னா காலைல எந்திரிச்சு அவரு எங்க போவாரு? அதைச் சொல்லுங்க மொதல்ல."

ஒரு பிள்ளை குட்டி உண்டா, சிநேகிதர் உண்டா, சீட்டாட்டம் உண்டா. மனிதர் ஆயுசு பூராவும் மாடிப்படி இறங்கி வந்ததைத் தவிர வேறெங்கும் போனதில்லை.

இரண்டு மணிக்கு அவரே எனக்கு முன்னால் கீழே இறங்கிவிட்டார். நான் போவதற்குள் லிஃப்டுக்கு அடியில் நின்று கிழிந்த புஷ்ஷை விரலால் நெம்பிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"மாப்ள, இங்க வாங்க. இதப் பாருங்க."

"பார்த்தேன் மச்சான்."

"தொங்கப் போட்டே முறுக்கியிருக்கான். எந்த மடையன் இப்படிப் பண்ணினது? ரப்பரு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களா?"

ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் சொல்லியிருக்கலாம்.

"ஆமா மச்சான். நான்தான். அவசரத்துல மறந்துட்டேன்."

"மறக்கற விஷயமா இது?" அவர் விடவில்லை. இத்தனை வருடத்தில் நான் செய்த தப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. கல்யாணமான புதிதில் ஒருத்தர் வண்டிக்கு ஆயில் ஊற்றாமல் அனுப்பியது, ஜாக்கைத் தப்பான இடத்தில் கொடுத்துத் தரைத் தகட்டை நசுக்கியது. தேதி உட்பட எல்லாம் சரியாகச் சொன்னார். எனக்கே மறந்து போனவை. தங்கச்சி புருஷன் என்று பார்ப்பதாகவும், வேறு யாராவது இருந்தால் நடப்பதே வேறு என்றும் சொல்லி முடித்தார். இத்தனையும் ஞாபகம் வைத்திருக்கும் மனிதரை என்னவென்று சொல்லி வேலையை விட்டு நிறுத்துவது? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உண்மையாகவே வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகு வேலையைத் தொடங்கினோம். முன் சக்கரங்களையும் வலது ஆர்மையும் கழற்றி, கிழிந்ததை அழுத்திப் பிதுக்கி வெளியே எடுத்து, புதியதற்குச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே இறக்கினார். அந்தக் கைகளைப் பார்க்கிற எவனும் அவருக்கு ஒன்றுமில்லை என்றுதான் சத்தியம் செய்வான். ஆர்மைத் தூக்கி இடத்தில் பொருத்தினார். போல்ட்டைச் செருகினார். நட்டை விரலால் ஓட்டினார். சரி, இதோடு நிறுத்திவிடுவார் என்று நான் மூச்சு விட்டேன். அவர் நீளக் கைப்பிடி ஸ்பேனரை எடுத்தார். தொங்கிக்கொண்டிருந்த ஆர்முக்குக் கீழே காலை அகட்டி வைத்து, பல்லைக் கடித்து, மொத்த பலத்தையும் கொடுத்து இறுக்கினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இப்படித்தான் செய்யணும், தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது மச்சான்," என்றேன்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் ஸ்பேனரைப் போட்டு அந்த நட்டைத் தளர்த்தினேன். நன்றாகத்தான் இறுக்கியிருந்தார், தளர்த்த எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. திருடன் மாதிரி குழாயடியைப் பார்த்துக்கொண்டே தளர்த்தினேன். சக்கரங்களை மாட்டினேன். வண்டியை இறக்கி, ஓட்டிப் போய், அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கிற பக்கத்துக் குழியின் மேல் நிறுத்தினேன்.

இந்த ரக வண்டிக்கு இன்னொரு தொந்தரவு உண்டு. வெறும் வண்டியாக நின்றால் போதாது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுக்கி வைத்துத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும்.

"மச்சான், கனத்துக்கு ஆள் வேணும். நீங்க மேல உக்காருங்க, கீழ நான் பார்த்துக்கறேன்."

துண்டால் கை துடைத்துக்கொண்டு வந்தவர் நின்றார். "நானா? வலது பக்கம் இறுக்கறப்ப நீங்கதானே உக்காருவீங்க."

"சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கு. உக்காந்தா எந்திரிக்க முடியல, இடுப்பு பிடிச்சுக்குது. இனிமே இந்த வேலைக்கெல்லாம் நீங்க உக்காந்துடுங்க."

இனிமே என்ற வார்த்தை நான் திட்டமிட்டுச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

குழிக்குள் இறங்கி நின்றேன். தலைக்கு மேல் ஸ்பிரிங் ஒரு விரல் அளவு அமுங்கியிருந்தது. இடது பக்கத்தையும் எதற்கும் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். பிறகு வலது பக்கம் வந்தேன். அளவு வந்தால் டிக்கென்று சத்தம் போடும் ரெஞ்சைப் போட்டு மெதுவாக இழுத்தேன்.

"மாப்ள." ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"சொல்லுங்க மச்சான்."

"போன தடவை வலது பக்கம் யாரு பார்த்தது?"

"நான்தான்னு சொன்னேனே."

தோல் சீட் கிறீச்சிட்டது.

"நீங்க எப்பவும் இடது பக்கந்தானே," என்றார்.

என்ன சொல்லியிருந்தாலும் அது பொய்யாகவோ கொடுமையாகவோ இருந்திருக்கும். கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இழுத்தேன். டிக்கென்றது.

"முடிஞ்சுது மச்சான்," என்று கூப்பிட்டுச் சொன்னேன். "இறங்கலாம்."

அவர் இறங்கினால் வண்டி ஒரு விரல் எழும்பும். அண்ணாந்து ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எழும்பவில்லை.